அரை மூச்சு பின்னால்

ஏழு மணி ஆனால் எங்கள் இடைவழி வாசிக்கத் தொடங்கும். வீடுகளும் பிள்ளைகளும் மறைந்துபோய் அந்த இடைவழியே வாய் திறந்து பாடம் சொல்வதுபோல எனக்குத் தோன்றும். கேரள எல்லையில், பாறசாலையில் பஸ் இறங்கி, ரப்பர்த் தோட்டத்தை ஒட்டிச் சரியும் செம்மண் பாதையில் பத்து நிமிடம் நடந்தால் நாங்கள் இருக்கும் இடம். அக்கா வீடும் பக்கத்து வீடும் அருகருகே, நடுவில் இடுப்பளவு மதில். எங்கள் வீட்டில் ஆறரைக்கு விளக்கு வைப்போம். பக்கத்து வீட்டில் எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம். விளக்குக்கும் ஜெபத்துக்கும் நடுவில் கிடந்த நேரத்தைப் பள்ளிக்கூடம் எடுத்துக்கொண்டது.

வாசிப்பு சத்தமாக இருக்க வேண்டும். அதுதான் எங்கள் பக்கத்துச் சட்டம். எழுதியதைச் சரிபார்க்கக் கண் வேண்டும். அடுக்களையில் மீன் வெட்டிக்கொண்டிருப்பவளுக்குக் கண்ணும் கையும் ஒழிவதில்லை, காது மட்டும் சும்மா இருக்கிறது. ஆகவே காதால் காவல். பிள்ளையின் குரல் வருகிறவரை பிள்ளை படிக்கிறது. குரல் தேய்ந்தால் உள்ளேயிருந்து ஒரு விளி வரும்: "சத்தம் கேக்கட்டு மக்கா!" உடனே குரல் மறுபடி எழும். பக்கத்து வீட்டிலிருந்தும் அதே விளி, அதே எழுச்சி. எனக்கும் அப்படித்தான் பால்யம் கழிந்தது. எங்கள் ஊரில் தொண்டை கட்டாமல் நாலாம் வகுப்பைத் தாண்டியவர் யாரும் இருக்க முடியாது.

நான் சொல்வது இரண்டு வருடத்துக்கு முந்தைய கதை. தனுவச்சபுரத்தில் டிகிரி முடித்து, பி.எட்.டும் முடித்து, அரசு வேலைக்கான பி.எஸ்.சி. பரீட்சைக்குப் படிக்கிறேன் என்ற பெயரில் அக்கா வீட்டில் இருந்தேன். அத்தான் மஸ்கட்டில். அக்கா நெய்யாற்றின்கரையில் ஒரு துணிக்கடையில் வேலை. காலையில் போனால் சாயங்காலம் ஆறு வரை நின்றே விற்கிற வேலை. அவளுடைய ஒரே மகள் மூன்றாம் வகுப்பு. வீட்டில் அவளைக் குட்டி என்றுதான் கூப்பிடுவோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். நாலு மணி முதல் அக்கா வரும்வரை குட்டி என் பொறுப்பு.

நாலரைக்குள் வகுப்பு வாட்ஸ்அப்பில் டீச்சரின் குரல் வந்துவிடும். ஒரு பக்கம் பார்த்தெழுதுவது, நாலு கணக்கு, பாடத்தில் ஒரு பக்கம் மூன்று தடவை வாசிப்பது, டைரியில் வீட்டில் ஒருவரின் கையெழுத்து. கணக்கைக் குட்டி நின்றபடியே போட்டுவிடுவாள். பார்த்தெழுதுவதை அவள் செய்வதைப் பார்க்க வேண்டும்; மலையாள எழுத்தின் ஒவ்வொரு சுழியையும், கோழி முட்டையை வைக்கோலில் வைக்கிறவளைப்போல, அத்தனை மெதுவாகக் கோட்டின்மேல் வைப்பாள். டீச்சர் அதன் கீழே எப்போதும் நட்சத்திரம் போடுவார். வீட்டில் நாங்கள் பேசுவது தமிழ்; பஸ்ஸிலும் கடையிலும் டிவியிலும் மலையாளம். குட்டிக்கு இரண்டும் ஒரே தண்ணீர்.

வாசிப்பை மட்டும் ஏழு மணிக்கு ஒதுக்கி வைத்தோம். அது அக்காவின் உத்தரவு. "எழுத்து என்ன வேணும்னாலும் நீ பாத்துக்க. வாசிப்பு நான் வந்த பொறவு போரும். எனக்குக் கேக்கணும்."

இப்படித்தான் அது நடக்கும். அக்கா முகம் கழுவி அடுக்களை விளக்கைப் போடுவாள். குட்டி சிட்டவுட் வராந்தாவில் சம்மணம் போட்டுப் புத்தகத்தை மடியில் விரிப்பாள். மதிலுக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் விரிப்பாள்; பக்கத்து வீட்டுக்காரி என்று நான் சொல்வது அவளைத்தான். அவளும் அதே வகுப்பு, அதே பெஞ்சு, வெண்கலத் தொண்டை. முதலில் அவள் குரல் வரும். அவள் ஒரு வரியை முடித்து மூச்சு வாங்குகிற இடத்தில் எங்கள் குட்டி அதே வரியை எடுப்பாள். அங்கே உரத்து, இங்கே மெல்ல. அங்கே அறிவிப்பு, இங்கே பாட்டு. அரை மூச்சு பின்னால்.

அந்த மாதத்துப் பாடம் வழி தவறிய ஒரு மேகத்தின் கதை. மலையடிவாரத்துக் குளத்தில் அது தன் முகத்தைப் பார்க்கும். மீன்கள் அதைத் தங்கள் வீட்டுக் கூரை என்று நினைத்துக்கொள்ளும். பி.எஸ்.சி. கைடை மடியில் வைத்துக்கொண்டு நான் தூணில் சாய்ந்திருப்பேன். அரபிக்கடல் பக்கமிருந்து வருகிற ஈரக் காற்று, ரப்பர் இலைகளின் சலசலப்பு, தூரத்தில் நாகர்கோவில் போகிற ரயில், அதற்கு மேலே இரண்டு பெண் குழந்தைகளின் குரலில் ஒரு மேகம் இரண்டு தடவை குளத்தைக் கடக்கும். எனக்குக் கண் செருகும். பாதித் தூக்கத்தில் மதில்தான் குளம் என்று தோன்றும். அந்தப் பக்கம் மேகம், இந்தப் பக்கம் அதன் முகம். எத்தனை அழகு என்று நினைத்துக்கொண்டே தூங்கியிருக்கிறேன். ஏன் எப்போதும் அரை மூச்சு பின்னால் என்று ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை.

எனக்கு யோசனைகள் வருகிற காலம் அது. காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று. ஒரு நாள் பி.எட். நோட்டைப் புரட்டும்போது 'மௌன வாசிப்பு' கண்ணில் பட்டது. சத்தமாக வாசிக்கும் பிள்ளை சத்தத்தைத்தான் கவனிக்கிறது, பொருளை அல்ல என்று நானே பென்சிலால் ஓரத்தில் எழுதி வைத்திருந்தேன். அன்றைக்கே இரண்டு பிள்ளைகளையும் சிட்டவுட்டில் உட்கார்த்தி, இனிமேல் கண்ணால் மட்டும் வாசிக்க வேண்டும் என்று பிரகடனம் செய்தேன்.

ஏழு மணி ஆனது. இடைவழி வாயை மூடிக்கொண்டது. மேகம் எங்கோ நின்றுவிட்டதுபோல ஒரு அமைதி. குக்கர் ஒரு தடவை விசில் அடித்தது. ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, பக்கத்து வீட்டுக்காரியின் அம்மா, கையில் மீன் செதிலோடு மதிலில் வந்து நின்றாள்.

"எட்டி, என்ன ஒரு அனக்கமும் இல்ல? பிள்ளைகள் எங்க?"

"இஞ்ச தானாக்கும் அக்கா. வாசிக்கிதாங்க."

"வாசிக்கிதா? வாய மூடிட்டா?"

"மனசுக்குள்ள வாசிக்கதுக்கு சொல்லியிருக்கேன். அதாக்கும் நல்ல வழி."

"மனசுக்குள்ள நானும் எம்.ஏ. பாஸாயிட்டுதான் இருக்கேன். யாருக்குத் தெரியும்?"

அடுக்களையிலிருந்து எங்கள் அக்காவும் கரண்டியோடு வந்துவிட்டாள். "ஒழுங்கா போய்ட்டு இருந்தத கெடுக்காத பிள்ளே. இவளுக்க சத்தம் இல்லாம எனக்குக் கை ஓடல்ல. கறியில உப்பு இட்டேனா இல்லியான்னு மறந்து போச்சு."

கடைசியில் பேரம் படிந்தது. ஏழு மணி வாசிப்பு பழையபடி சத்தமாகவே இருக்கும். சாயங்காலம் ஐந்தரைக்கு, அவர்கள் காது எட்டாத நேரத்தில், கால் மணி நேரம் எனக்கு.

அந்தக் கால் மணி நேரத்துக்காக நான் ஒரு விளையாட்டு கண்டுபிடித்தேன். புத்தகத்தின் நடுவில் சின்னக் காகிதத் துண்டு, அதில் மலையாளத்தில் ஒரு வரி. சத்தமில்லாமல் வாசித்து, அதில் சொன்னபடி செய்ய வேண்டும். பக்கத்து வீட்டுக்காரியின் துண்டில் 'செம்பருத்திச் செடிக்குக் கீழே பார்' என்று எழுதினேன். குட்டியின் துண்டில் 'அடுக்களையில் நீல டப்பாவுக்குப் பின்னால் பார்.' இரண்டு இடத்திலும் கடலை மிட்டாய்.

பக்கத்து வீட்டுக்காரி வாசித்தாள், வீறிட்டாள், செம்பருத்திக்குப் பாய்ந்தாள். "எனக்கு மிட்டாய்! எனக்கு மிட்டாய்!" குட்டி தன் துண்டைப் பார்த்தாள். நிதானமாகப் பார்த்தாள், இடமிருந்து வலமாகக் கண் நகர்ந்தது. பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள், காகிதத்தை இரண்டாக மடித்துப் பென்சில் பெட்டிக்குள் வைத்தாள். எழுந்திருக்கவில்லை.

"போய் எடு" என்றேன்.

"பொறவு எடுக்கேன் சித்தி. எனக்குப் பசிக்கல்ல."

அதை நான் ஒரு குணமாக நினைத்தேன். என்ன ஒரு அடக்கம், அம்மா வந்தபின் பங்கு போட்டுத் தின்னலாம் என்று வைத்திருக்கிறாள். அத்தானுக்குச் செய்தி அனுப்பி மெச்சக்கூடச் செய்தேன்.

மூன்று நாள் கழித்து அடுக்களையிலிருந்து அக்காவின் குரல். "இந்த எறும்பு எங்க இருந்தாக்கும் சாடி வருது? எட்டி, இஞ்ச வந்து பாரு!"

ஜன்னலிலிருந்து மேடை வரை ஒரு கறுத்த நூல். நீல டப்பாவைத் தள்ளினால், பின்னால் அந்த மிட்டாய், சுற்றிய காகிதத்தோடு, கறுப்பாக எறும்பு மொய்த்தபடி. "எவளாக்கும் இஞ்ச கொண்டு வச்சது?" என்று அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். நான் எறும்புகளின் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிட்டவுட்டில் ஏழு மணி வாசிப்பு நடந்துகொண்டிருந்தது. அங்கே ஒரு வரி, இங்கே அதே வரி. முதல் தடவையாக அதைக் கண் விழித்துக் கேட்டேன்.

மறுநாள் சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரி இல்லாத நேரம் பார்த்துக் குட்டியிடம் கேட்டேன். "அந்தப் பேப்பர் எங்க மக்கா?"

பென்சில் பெட்டியிலிருந்து எடுத்தாள். மடிப்புக் கலையாமல் வைத்திருந்தாள்.

"வாசி."

"மனசுக்குள்ளயா?"

"சத்தமாட்டு."

அவள் காகிதத்தை முகத்துக்கு நேராகப் பிடித்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். பிறகு அந்தப் பாட்டுக் குரலில் வாசித்தாள்: மலைக்கு அந்தப் பக்கம் ஒரு மேகம் வழி தவறிப் போயிற்று, நேரம் அந்தியாயிற்று, அதற்கு வீடு நினைவு வந்தது.

நீல டப்பாவைப் பற்றி நாலு சொல் எழுதிய ஒரு துண்டுக் காகிதத்திலிருந்து ஒரு மேகம் முழுசாக வந்தது. ஒரு சொல் தப்பவில்லை. நான் நிறுத்தச் சொல்லவில்லை. அவளும் நிறுத்தவில்லை. மீன்கள் கூரை என்று நினைக்கிற இடம் வந்ததும் குரல் தானே நின்றது.

"அம்மைகிட்ட சொல்லப்பிடாது சித்தி."

"அம்மை வழக்கு பறையும்னு பேடியா?"

தலையாட்டினாள், ஏச்சுக்குப் பயம் இல்லை என்று. "நான் வாசிக்கது அம்மைக்கு இஷ்டமாக்கும். கடையில நின்னு நின்னு வந்து, அதக் கேட்டாத்தான் கால்வேதனை போவுதுன்னு சொல்லும்."

பிறகு கேட்டுக் கேட்டு அறிந்தேன். தனித்தனி எழுத்து பாதிக்குமேல் தெரியும். இரண்டு மூன்று சேர்ந்து ஒட்டிக்கொண்டால் அவை வேறு ஆட்களாகிவிடுகின்றன, முகம் தெரிவதில்லை. ஒன்றாம் வகுப்பில் எல்லாரும் சேர்ந்து வாசிக்கும்போது கூட்டத்தின் குரலைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரி ஒரு தடவை சொன்னால் அவளுக்குப் போதும். பக்கம் எங்கே திருப்ப வேண்டும் என்பது படங்களைப் பார்த்துத் தெரியும்.

பக்கத்து வீட்டுக்காரியை மதிலோரம் பிடித்தேன்.

"உனக்குத் தெரியுமா இது?"

"தெரியும். ஒண்ணாம் கிளாஸ் முதல்."

"பின்ன ஏன் ஒருத்தர்கிட்டயும் சொல்லல்ல?"

"நீங்க கேக்கல்லியே சித்தி." அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "நான் தொண்டை கீறி வாசிக்கது எனக்கின்னா நெனச்சிய? எனக்குப் பைய வாசிச்சாலே மனசிலாவும். அவளுக்குக் கேக்கண்டாமா? வரி முடிஞ்சா நிக்கணும், அவ எடுக்கணும், பொறவு அடுத்தது. எனக்காக்கும் இதுல கஷ்டம்."

எனக்குச் சிரிப்பும் வந்தது. மூன்று வருடமாகத் தங்கள் அம்மாக்களின் காவலை இந்த இரண்டு பேரும் எட்டு மணி ஜெபம் வரை தினம் தினம் தாண்டியிருக்கிறார்கள், அதுவும் எல்லாருக்கும் கேட்கும்படி. ஆனால் அவள் அடுத்துச் சொன்னதில் சிரிப்பு நின்றது. "இந்த மட்டம், இந்த வருசம்தான் என்ன செய்யதுக்குன்னு தெரியல்ல. எல்லாருக்கும் வேற வேற பேப்பராக்கும்."

பள்ளியில் வருடக் கடைசியில் ஒரு நாள் உண்டு. பெற்றோர்களை ஹாலில் உட்காரவைத்து, பிள்ளைகள் அந்த வருடம் படித்ததைக் காட்டுவார்கள். போன வருடம் வரை குழுவாக வாசிப்பு. இந்த வருடம் ஒரு டப்பாவிலிருந்து ஆளுக்கு ஒரு தாள் எடுத்து, அதுவரை பார்த்திராத நாலு வரியைத் தனியாக நின்று வாசிக்க வேண்டும். மூன்று வாரம் இருந்தது. அக்கா அந்த நாளுக்காகக் கடையில் அரை நாள் லீவு சொல்லி வைத்திருந்தாள். முன்வரிசையில் உட்கார வேண்டும், போனில் பிடித்து மஸ்கட்டுக்கு அனுப்ப வேண்டும். மூன்று வருடமாகக் கால்வேதனைக்கு மருந்தாகக் கேட்டுவந்த குரல், அத்தனை பேர் நடுவில், வாய் திறந்து ஒன்றும் இல்லாமல் நிற்கப் போகிறது. அப்போதுதான் அக்கா அறியப் போகிறாள்.

நான் உடனே வேலையில் இறங்கினேன். வேறென்ன செய்வேன்? அட்டைகள் வெட்டினேன், எழுத்து எழுதி ஃபிரிட்ஜில், கதவில், வாளியில், பூனை உட்காரும் இடத்தில் ஒட்டினேன். போனில் இரண்டு ஆப் இறக்கினேன். மூன்று நாளில் மூன்று வழிமுறை மாற்றினேன். அக்கா வருமுன் எல்லாவற்றையும் பிய்த்து மறைத்தேன். குட்டி ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் மெலிந்த குரலில் பேசினாள். நாலாம் நாள் அட்டையை என் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"சித்தி வேகத்தில ஓடுது. எனக்குக் கூட வர ஒக்கல்ல."

அன்றைக்கு நான் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. இருவரும் பின்வாசல் படியில் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தூறல் விழுந்தது. இலைகள் ஒவ்வொன்றாகத் தலை அசைத்தன, ஒரே நேரத்தில் அல்ல, எந்த இலையில் துளி விழுந்ததோ அந்த இலை மட்டும். அதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் இருந்தோம். பிறகு குட்டியே உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்து வந்தாள், மேகத்தின் கதை இல்லாத, இன்னும் வகுப்பில் எடுக்காத ஒரு பக்கம். முதல் சொல்லின் முதல் எழுத்தில் விரலை வைத்தாள். அங்கேயே வைத்திருந்தாள். ஒரு எழுத்து வந்தது. அடுத்தது வந்தது. இரண்டையும் சேர்க்க அவள் வாய் என்னென்னவோ கோணியது. 'தோணி' என்று முடித்தபோது அவளே திடுக்கிட்டுத் தோட்டத்தைப் பார்த்தாள், அங்கே ஒரு தோணி வந்து நிற்கிறதா என்று பார்ப்பதுபோல.

அன்று ஒரு வரி. மறுநாள் ஒரு வரி. அழகே இல்லாத வாசிப்பு அது. இருமல்போல, கல்லில் சக்கரம் ஏறுவதுபோல. ஏழு மணிக்கு மறுபடி அந்தப் பாட்டுக் குரல். ஒரே பிள்ளைக்கு இரண்டு குரல் இருந்தது, ஒன்று எனக்கும் ஒன்று அம்மாவுக்கும்.

அக்கா அத்தானுக்கு அனுப்ப வாசிப்பைப் பதிவு செய்வாள். ஒரு மத்தியானம் எனக்கும் வந்திருந்த அவற்றை ஒவ்வொன்றாக நான் காதில் வைத்துக் கேட்டேன். முன்னால் தெளிவாகக் குட்டி. பின்னால் மெல்ல, எங்கோ நீருக்கடியிலிருந்து வருவதுபோல, பக்கத்து வீட்டுக்காரி. எந்தப் பதிவிலும் அவள்தான் முதல். மஸ்கட்டில் ஒரு மனிதர் அறையில் படுத்துக்கொண்டு இதைக் கேட்டுக்கொண்டிருப்பார், அவருக்கும் எனக்குப்போலக் கண் செருகும் என்று நினைத்தேன். அதற்குமேல் மறைத்துவைக்க என்னால் முடியவில்லை.

அன்று குட்டியிடம் கேட்டேன். "அந்த நாளில, எல்லாரும் இருக்கும்போ அம்மை இத அறிஞ்சா?"

அவள் யோசித்தாள். "அம்மைக்கு உக்காரவும் ஒக்காது, எந்திக்கவும் ஒக்காது."

"அப்ப?"

"ஞாயிறாழ்ச்ச சொல்லலாம். அன்னைக்குக் கடை இல்ல. கால் வேதனை இருக்காது."

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரிக்கு வாய் திறக்கக் கூடாது என்று குட்டியே கட்டளை போட்டிருந்தாள். அவள் மதிலில் முழங்கையை ஊன்றி, இரண்டு உள்ளங்கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அதுவே அவளுக்குப் பெரிய பாடு. குட்டி புத்தகத்தை விரித்தாள். விரலை வைத்தாள்.

"ஆ..." நீண்ட இடைவெளி. "ஆற்..." ரயில் ஒன்று முழுசாகப் போய் முடிந்தது. "ஆற்றில்."

"எட்டி, தொண்டையில என்ன?" அடுக்களையிலிருந்து அக்கா. "சுக்கு காப்பி போடட்டா?"

குட்டி அதற்குள் அடுத்த சொல்லின் முதல் எழுத்துக்கு வந்துவிட்டாள். அது வெளியே வந்து, இரண்டாவது எழுத்தைக் காணாமல் தனியே நின்றது. அடுக்களையில் கத்திச் சத்தம் நின்றது. அக்கா கதவில் வந்து நின்றாள், மரச்சீனி செதுக்கிய கத்தியோடு. குட்டியின் விரலைப் பார்த்தாள். அந்த விரல் நகராத நேரத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எத்தன நாளாட்டு?"

"ஒண்ணாம் கிளாஸ் முதல்" என்றாள் குட்டி, தலை நிமிராமல்.

"பின்ன நான் கேட்டது? இத்தன நாளும் நான் கேட்டது யாருக்க வாசிப்பாக்கும்?"

குட்டி மதில் பக்கம் கையைக் காட்டினாள். பக்கத்து வீட்டுக்காரி வாயைப் பொத்திய கையோடு அப்படியே குனிந்து மறைந்தாள்.

அக்கா சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். அவள் கத்தியைப் படியில் வைத்தாள். என்னிடம் மிகத் தணிந்த குரலில் சொன்னாள், "நீ டீச்சருக்குப் படிச்சவ. பக்கத்தில இருந்து உறங்கதுக்காட்டா படிச்ச?" பிறகு அவள் குட்டிக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள், சேலையை முழங்காலுக்குக் கீழே இழுத்து விட்டுக்கொண்டாள்.

"வாசி மக்கா."

"ரெம்ப நேரம் ஆவும்மா."

"ஆவட்டு."

ஆற்றில் யாரோ தோணியை அவிழ்த்துவிட்டார்கள் என்பது அந்த வரி. அதற்குள் உள்ளே சோறு குழைந்து அடிபிடித்தது. மணம் வந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

திங்கட்கிழமை அக்கா பள்ளிக்குப் போய் டீச்சரைப் பார்த்தாள். நானும் கூடப் போனேன். டீச்சர் வெகுநேரம் குட்டியின் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார், தான் போட்ட நட்சத்திரங்களை ஒவ்வொன்றாக. வகுப்பு சேர்ந்து வாசிக்கும்போது இவள் குரல்தான் தனக்கு நன்றாகக் கேட்கும் என்று சொன்னார். பிறகு வீட்டுப்பாடத்தை மாற்றினார். ஒரு பக்கம் மூன்று தடவை என்பது போய், இரண்டு வரி, ஒரே தடவை, துணைக்குரல் இல்லாமல். சத்தமாகவோ மெல்லவோ, அவள் இஷ்டம். அந்த நாளில் மேடை ஏற வேண்டாம், பாட்டில் மட்டும் சேர்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அக்கா குட்டியைப் பார்த்தாள்.

"நான் நிக்கேன்" என்றாள் குட்டி.

அந்த நாள் நல்ல வெயில். ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலிகள், முன்வரிசையில் அக்கா. போன் கையில் இருந்தது, ஆனால் அதைத் தூக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி தன் நாலு வரியை நாலு மூச்சில் முழங்கிவிட்டு இறங்கினாள். குட்டி டப்பாவில் கையை விட்டு ஒரு தாள் எடுத்தாள். விரலை வைத்தாள்.

ஹால் முதலில் காத்திருந்தது. பிறகு நாற்காலிகள் கிரீச்சிட்டன. யாரோ இருமினார்கள். பின்னாலிருந்து ஒரு குழந்தை கேட்கும்படியாகவே கேட்டது, "அந்த அக்கா எதுக்கு நிக்குது?" குட்டியின் காது சிவந்ததைப் பார்த்தேன். முதல் வரி வந்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. அந்தக் காற்றில் தாள் துடித்தது, அவள் இன்னொரு கையால் அதைப் பிடித்துக்கொண்டாள். இரண்டாவது வரி வந்தது. கனவில் படி ஏறுவதுபோல இருந்தது எனக்கு, கால் தூக்குகிறோம், வைக்கிறோம், அடுத்த படி இன்னும் மேலே போகிறது. இரண்டாவது வரியின் முடிவில் குட்டி நிமிர்ந்தாள்.

"பாக்கி?" என்று டீச்சர் மெல்லக் கேட்டார்.

"பாக்கி ஹோம்வர்க் டீச்சர்" என்றாள் குட்டி.

ஹால் சிரித்தது, கெட்ட சிரிப்பு இல்லை. டீச்சர் தாளை அவளிடமே கொடுத்துவிட்டார்.

வெளியே வந்தோம். மத்தியானத்துக்குமேல் அக்கா கடைக்குப் போயாக வேண்டும். நெய்யாற்றின்கரை பஸ் பத்து நிமிடத்தில். ஸ்டாப்பில் வேறு யாரும் இல்லை. அக்கா பெஞ்சில் உட்கார்ந்து, கால்களை நீட்டி, பக்கத்தில் இடம் விட்டாள். குட்டி ஏறி உட்கார்ந்து தாளைப் பிரித்தாள். மூன்றாவது வரியின் முதல் எழுத்தில் விரலை வைத்தாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

வரி பாதியில் இருந்தபோது பஸ் வந்தது. வேகம் குறைத்து, எங்களைப் பார்த்து, ஒரு தடவை ஹார்ன் அடித்தது. நான் அக்காவைப் பார்த்தேன். அவள் கையைக் காட்டவில்லை. பஸ் போய்விட்டது.